முந்திரிக்கு உறை ஊற்றியவன்

ஜனவரி 18, ஞாயிறு

தீவனக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. எந்த வருஷமும் நான் ஒரு வரி எழுதியதில்லை. என் வீட்டுக்காரி வசந்தாமணிதான் மார்கழி மாதத்தில் அதில் கோலம் போட்டுப் பார்ப்பாள். இந்த வருஷம் நான் எழுதப்போகிறேன். காரணம் இருக்கிறது.

இந்துஜா இன்று வந்தாள். எங்கள் ஒரே மகள். கோயமுத்தூரில் நாய், பூனை ஆஸ்பத்திரியில் டாக்டராக இருக்கிறாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பஸ் ஏறி ஈரோட்டுக்கு வருவாள். வந்ததும் வழக்கம்போல அந்தப் பச்சை மூடி டப்பாவை எடுத்து டேபிளில் வைத்தாள். உள்ளே வெள்ளரிக்காய், கேரட், முட்டைக்கோஸ், வேகவைத்த கொண்டைக்கடலை. மேலே ஊற்றிக்கொள்ள ஒரு குட்டி பாட்டிலில் வெள்ளையாக, வழவழவென்று ஒரு சமாச்சாரம். அதற்கு டிரஸ்ஸிங் என்று பெயராம். பார்த்தால் கெட்டித் தயிர். ஆனால் தயிரும் இல்லை, பாலும் இல்லை, முட்டையும் இல்லை.

பெற்ற வீட்டுக்கு வந்து சொந்த டப்பாவைத் திறந்து சாப்பிடுகிற பெண் எங்கள் சொந்தத்தில் வேறு யாரும் கிடையாது. போன தீபாவளிக்குப் பிறகு இந்த வீட்டில் அவள் குடித்தது பச்சைத் தண்ணீர் மட்டும். கருங்கல்பாளையத்தில் பால் கடை வைத்தே தலை நரைத்தவன் நான். என் மகளுக்குப் பால் ஆகாது. மாட்டு வைத்தியம் படிக்கப் போன இடத்தில், ஏதோ பண்ணையில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டியதைப் பார்த்தாளாம். அன்றிலிருந்து பால், தயிர், நெய் எல்லாம் நின்றது. சரி, நிற்கட்டும். சாம்பார் சோறு சாப்பிடலாமே, ரசம் சாப்பிடலாமே? அதுவும் வேண்டாமாம். பிடிவாதம். யாரைக் கொண்டு பிறந்தாளோ தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாள். ஜெய்ப்பூர் பக்கத்தில் அடிபட்ட மாடுகளை வைத்துப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறதாம். அங்கே வேலை கிடைத்திருக்கிறது. மார்ச் முதல் தேதி ரயில். நல்லது என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் போனபிறகு வசந்தாமணியிடம் சொன்னேன், அந்த வெள்ளையை நீயே வீட்டில் அரைத்துக் கொடுத்தால் என்ன என்று. அவள் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“பால் ஆகாதுன்னா இந்த வீட்டுச் சோறும் ஆகாதுன்னு வெச்சுக்கோன்னு சொன்னது நானாங்க? சொன்னவரே அரைச்சுக் குடுங்க.”

அது தீபாவளி அன்று ஏதோ ஒரு கோபத்தில் வாயில் வந்த வார்த்தை. அதைப்போய் இத்தனை நாள் நினைவு வைத்திருக்கிறாள். அது இருக்கட்டும்.

அரைக்கிறேன். அவள் ரயில் ஏறுவதற்குள் இந்த வீட்டுத் தட்டில், இந்த வீட்டில் அரைத்ததை ஊற்றிச் சாப்பிட வேண்டும். செய்முறையை எழுதி வைக்காவிட்டால் மறந்துவிடும், அதற்குத்தான் இந்த டைரி. வேறு காரணம் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்

காலைப் பால் வேலை முடிந்து, கடையை வேலையாள் ரங்கசாமியிடம் விட்டுவிட்டு வந்தேன். யூடியூபில் ஒரு பெண் முந்திரிப்பருப்பை ஊற வைத்து, பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, மிளகு போட்டு அரைக்கிறாள். பார்க்க ஒன்றுமே இல்லை. நானும் அரைத்தேன். ஊறவைக்கிற பொறுமை இல்லாமல் அப்படியே போட்டதால் நறநறவென்று வந்தது. தண்ணீர் விட்டேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் முந்திரி போட்டேன். பிறகு இன்னும் கொஞ்சம் தண்ணீர்.

வசந்தாமணி எட்டிப் பார்த்து, இத்தனை குருமாவுக்கு உருளைக்கிழங்கு வாங்கி வரட்டுமா என்று கேட்டாள். மதியம் அதைத்தான் சாப்பிட்டோம், சப்பாத்திக்கு.

ஜனவரி 21, புதன்

ஊற வைத்தும் அரைத்தேன். பூண்டு தூக்கல். கடையில் பால் வாங்க வந்தவர்கள் ஓரடி தள்ளி நின்றார்கள்.

ஜனவரி 24, சனி

இன்று தேங்காய்ப்பால். கெட்டியாக எடுத்து, கடுகு கொஞ்சம் அரைத்துச் சேர்த்து, பிரமாதமாக இருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் மேலே கட்டியாக மெழுகு மாதிரி நிற்கிறது, கீழே தண்ணீர். கரண்டியால் தட்டினால் சத்தம் கேட்கிறது.

“இது தயிருமில்ல, ஒண்ணுமில்ல” என்றாள் வசந்தாமணி. எதைச் செய்தாலும் இதையேதான் சொல்கிறாள்.

சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா உறைக்குக் கொஞ்சம் தயிர் கேட்டு வந்தார். வசந்தாமணி அப்போதுதான் சாமி விளக்கை ஏற்றியிருந்தாள். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டிலிருந்து உறை வெளியே போகாது. அவள் மாமியார் காலத்துச் சட்டம். கடையில் எந்நேரமும் தயிர் விற்கிறோமே என்று கேட்டால், விற்கிறது வேறு, வீட்டு உறை வேறு என்பாள். அந்த அம்மாவும் பழகியவர்தான், காலையில் வருகிறேன் என்று போய்விட்டார்.

முந்திரிதான் சரி. தேங்காய் வேண்டாம்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இந்துஜா வந்தாள். இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். முந்திரியை முந்தின நாளே ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, கடலெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எலுமிச்சை பிழிந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி டேபிள் நடுவில் வைத்திருந்தேன். வெள்ளரிக்காயையும் கேரட்டையும் நானே நறுக்கினேன். கட்டை விரலில் சின்ன வெட்டு, பெரிதாக ஒன்றுமில்லை.

யார் செய்தது என்று கேட்டாள். வசந்தாமணி என்னைக் காட்டினாள். இந்துஜா முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போயும்விட்டது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தாள். நல்லாருக்குங்கப்பா என்றாள். பிறகு டப்பாவைத் திறந்து தன் பாட்டிலை எடுத்து ஊற்றிக்கொண்டாள்.

சின்ன வயதில் மருந்துக் கசாயம் குடித்துவிட்டும் இதே முகத்தோடுதான் நல்லாருக்கு என்பாள். எனக்குத் தெரியாதா?

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது என்ன குறை என்று கேட்டேன். விட மாட்டேன் என்று தெரிந்ததும் சொன்னாள்.

“எலுமிச்சைப் புளிப்பு வேற, தானாப் புளிச்ச புளிப்பு வேறங்கப்பா. அந்தப் பாட்டில்ல இருக்கறது தானாப் புளிச்சது.”

தானாகப் புளித்தது. பால்காரனிடம் வந்து புளிப்பைப் பற்றிப் பேசுகிறாள்! வண்டியில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

அரைத்த முந்திரியை வெறுமனே மூடி வைத்துப் பார்த்தேன். புளிக்கவில்லை, ஊசிப்போனது. கொட்டிவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று அரைக்க நேரமில்லை. பவானிப் பக்கமிருந்து பால் ஊற்றுகிற கருப்பணன் கேனில் லாக்டோமீட்டரை விட்டால் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குகிறது. தண்ணீர். கேனைத் திருப்பி அவன் வண்டியிலேயே ஏற்றச் சொன்னேன். ஒரு சொம்புத் தண்ணிதானுங்கண்ணா, கேனைக் கழுவினது உள்ளயே நின்னுபோச்சு, வேணும்னு பண்ணலீங்க என்று கெஞ்சினான். இருக்கலாம். நல்ல மனிதன்தான். ஆனால் ஒரு சொட்டு விழுந்தாலும் கலப்படம் கலப்படம்தான். வேண்டுமென்று விழுந்ததா, தவறி விழுந்ததா என்று லாக்டோமீட்டர் கேட்பதில்லை. இதைச் சொல்லித்தான் அவனை அனுப்பினேன். எத்தனையோ பேரை இதே வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

கருப்பணன் கேனை ஏற்றிக்கொண்டு போனான். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 14, சனி

நாளை வருகிறாள். இதை விட்டால் அடுத்து ரயிலுக்குக் கிளம்பத்தான் வருவாள்.

சாயங்காலக் கூட்டம் குறைந்ததும் சமையலறைக்குள் போய்விட்டேன். கடையிலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை. முந்திரியை அரைத்து, தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, அடுப்பில் வைத்து, விரல் பொறுக்கிற சூட்டில் இறக்கினேன். போன தடவை சூடு காட்டாமல் வைத்ததுதான் தப்பு என்று தோன்றியது. மற்றதெல்லாம் கை அதுபாட்டுக்குச் செய்தது. மூடி, துண்டைச் சுற்றி, அரிசி டிரம் பக்கத்தில் வைத்தாயிற்று. நாளை பார்ப்போம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

உறைந்திருந்தது!

காலையில் துண்டைப் பிரித்துத் தட்டைத் தூக்கினேன். நடுவில் ஸ்பூனை விட்டால் அப்படியே வெட்டுப்பட்டு நிற்கிறது. வாசனையே நன்றாக இருந்தது. அதில் பூண்டு ஒரு பல் மட்டும், மிளகு, உப்பு, துளி கடுகு, கடலெண்ணெய் விட்டு அடித்தேன். வாயில் வைத்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. வசந்தாமணியும் தொட்டு நக்கினாள். இது தயிருமில்ல என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை தொட்டுக்கொண்டாள்.

இந்துஜா வந்ததும் நான் எதுவும் சொல்லவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுப் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். அவள் விரலால் தொட்டாள். பிறகு ஸ்பூன் எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, இதுல பால் சாமான் எதுவுமில்லைதானுங்கப்பா என்றாள். முந்திரி, தண்ணி, உப்பு, வேறென்ன என்றேன். சமையலறைக்குப் போய் ஒரு தட்டு எடுத்து வந்தாள். அவளுடைய பழைய தட்டு, ஓரத்தில் நசுங்கியது. அதில் காயைப் போட்டு, மேலே தாராளமாக ஊற்றி, சாப்பிட்டாள். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தை விரலால் வழித்தாள்.

டப்பாவைத் திறக்கவே இல்லை. பஸ் ஏறும்போது அது பைக்குள் கனமாகவே போனது.

“எப்பிடிங்கப்பா புளிக்க வெச்சீங்க?” என்று கேட்டாள். தொழில் ரகசியம் என்றேன். சிரித்தாள். இப்போது வந்தது முழுச் சிரிப்பு.

வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், வெங்காயம் நறுக்கினதாம். இன்று வெங்காயம் போட்டு எதுவும் சமைக்கவில்லை. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன், அதை எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

காலையில் வசந்தாமணி கேட்டாள். உறைக்கென்று கிண்ணத்தில் எடுத்து வைத்த தயிர் குழி விழுந்து கிடந்ததாம், சனிக்கிழமை நான் எடுத்தேனா என்று. நான் எதற்கு எடுக்கப் போகிறேன் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கை எனக்கு நினைவு வந்தது.

வெதுவெதுப்பாக, வெள்ளையாக, பாத்திரத்தில் எது இருந்தாலும் ஒரு ஸ்பூன் உறையை விட்டு, கலக்கி, மூடுகிற கை இது. கடைத் தயிருக்குத் தினமும் நான்தான் உறை ஊற்றுகிறேன். ரேடியோ கேட்டுக்கொண்டு ஊற்றுவேன், போனில் பேசிக்கொண்டு ஊற்றுவேன். சனிக்கிழமையும் ஊற்றியிருக்கிறேன். ஷெல்ஃபில் கிண்ணம் இருக்கிற இடம் கைக்குத் தெரியும். ஸ்பூனைக் கழுவி வைத்ததுவரை இப்போது நினைவு வருகிறது.

என் மகள் தயிரைச் சாப்பிட்டிருக்கிறாள். ஒன்றுமில்லைதானே என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். நான்தான் ஒன்றுமில்லை என்றேன்.

வசந்தாமணி உறைக் கிண்ணத்தை மூடி ஷெல்ஃபில் வைத்தாள். அப்புறம், விடுங்க, ஒரு ஸ்பூன்தான, புள்ள வயிறார சாப்பிட்டுது, ஏன் சொல்லிக் கெடுக்கறீங்க என்றாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒரு ஸ்பூன்தான்.

பிப்ரவரி 18, புதன்

கருப்பணன் கடைக்கு வந்தான். கேனை வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துத்தான் இனிமேல் பிடிப்பேன், மறுபடியும் பால் எடுத்துக்கங்கண்ணா என்றான். அன்னைக்குச் சத்தியமா ஒரு சொம்புதானுங்க என்று இன்னொரு தடவையும் சொன்னான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நாளையிலிருந்து கொண்டு வா என்றேன். ரங்கசாமி என்னை ஆச்சரியமாகப் பார்த்தான்.

கடைக்குப் பின்னால் காலிக் கேன்கள் இருக்கிற இடத்துக்குப் போய் இந்துஜாவுக்குப் போன் போட்டேன்.

“கண்ணு, ஞாயித்துக்கெழம நீ சாப்பிட்டதுல ஒரு ஸ்பூன் தயிர் இருந்துச்சு. உறை. கைப்பழக்கத்துல ஊத்திப்போட்டேன்.”

அந்தப் பக்கம் ஏதோ நாய் குரைத்துக்கொண்டிருந்தது.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கெழம.”

“இன்னிக்குப் புதன்.”

“ஆமா சாமி.”

“சரிங்கப்பா. வெக்கிறேன்.”

வைத்துவிட்டாள்.

போன் செய்ததை வீட்டில் சொன்னேன். வசந்தாமணி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் போய்விட்டாள். சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

போன் இல்லை. கருப்பணன் பால் சுத்தம்.

பிப்ரவரி 20, வெள்ளி

போன் வரவில்லை என்பதற்காக உட்கார்ந்துகொண்டிருக்க முடியாது. அவள் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும், தயிர் இல்லாமல் இந்த முந்திரியைப் புளிக்கவைக்காமல் நான் ஓயப்போவதில்லை.

உறையே இல்லாத வீட்டில் பாலை எப்படி உறைய வைப்பது? கல்யாணமான புதிதில் நாங்கள் பள்ளிபாளையத்தில் குடியிருந்தபோது, தெரிந்த முகம் ஒன்று கிடையாது, உறை கேட்க ஆளில்லை. வசந்தாமணி காம்போடு நாலைந்து மிளகாயைப் பாலில் போட்டு வைத்தாள். மறுநாள் தயிர். அந்தக் காம்பில்தான் விஷயம் இருக்கிறது. எல்லா வீட்டுப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி, பாலை மட்டுமே கட்டி அழுத எனக்குத்தான் இத்தனை நாள் உறைக்கவில்லை.

புது மிக்ஸி ஜார் ஒன்று வாங்கினேன். புதுப் பாத்திரம், புது ஸ்பூன். மூன்றையும் தனி ஷெல்ஃபில் வைத்து, இதில் பால் கை படக் கூடாது என்று சொன்னேன். பால் கை என்றால் முதலில் உங்க கைதான் என்றாள் வசந்தாமணி. உண்மைதான். கடையிலிருந்து வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் இப்போது சமையலறைக்குள் போகிறேன்.

பிப்ரவரி 21, சனி

பச்சை மிளகாய்க் காம்பு போட்டது. லேசாகப் புளித்திருக்கிறது, ஆனால் காய்ந்த புல் மாதிரி ஒரு வாசனை. காம்பு சரியாகக் கழுவவில்லையோ என்னவோ. கொட்டவில்லை, வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 23, திங்கள்

மிளகாயைக் கழுவித் துடைத்து, பழுது இருக்கிறதா என்று பார்த்து, காம்பை மட்டும் கிள்ளிப் போட்டேன். இன்று வெயில் நன்றாகக் காய்ந்தது. பாத்திரத்தை மாடிப்படிக் கட்டைச்சுவரில் வைத்தேன், வெயில் படாமல் சூடு மட்டும் படுகிற இடம். சாயங்காலம் திறந்தால் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ். வாயில் வைத்தேன்.

தானாகப் புளித்த புளிப்பு.

வசந்தாமணியைக் கூப்பிட்டேன். கோபத்தில் இருந்தாலும் வந்தாள். ருசி பார்த்துவிட்டு, அஞ்சாறு காம்பு இன்னும் சேத்துப் போட்டா கெட்டியா நிக்கும் என்று மட்டும் சொன்னாள். ஒரு மாதமாக அவள் சொன்ன முதல் யோசனை இது.

பிப்ரவரி 26, வியாழன்

வசந்தாமணிக்கு மெசேஜ் வந்திருக்கிறது. இந்துஜா ஞாயிற்றுக்கிழமைக்குப் பதில் சனிக்கிழமை காலையிலேயே வருகிறாளாம். கடைசி வரியை வசந்தாமணி வாசித்துக் காட்டினாள்: “அப்பாவ எம் முன்னாடி செய்யச் சொல்லுங்க.”

செய்துவிட்டால் போச்சு.

பிப்ரவரி 28, சனி

பெரிய பெட்டி, தோள்பை, கையில் பச்சை மூடி டப்பா. டப்பாவைத்தான் முதலில் பார்த்தேன். வழக்கமான இடத்தில், டேபிளில் வைத்தாள். சரி, நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை ஏமாந்தவள் கையோடு கொண்டுவரத்தான் செய்வாள்.

கையைக் கழுவினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். மாட்டு ஆபரேஷனுக்கு நான் தயாராகிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஊறின முந்திரியைப் புது ஜாரில் அரைத்தேன். சூடு பண்ணினேன். விரல் வைத்துப் பார்க்கச் சொன்னேன், வைத்துப் பார்த்துத் தலையாட்டினாள். மிளகாயை அவள்தான் கழுவினாள், காம்பையும் அவளே கிள்ளினாள். இவ்வளவுதானா, வேற ஒண்ணும் இல்லையா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன். என் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன், அவளே தட்டைப் போட்டு மூடினாள்.

மூடிவிட்டு, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுங்கப்பா.”

“எனக்குத் தெரியுமே சாமி.”

அவள் ஜாரைக் கழுவ ஆரம்பித்தாள். நான்தான், பால் யாவாரத்தை நான் விட மாட்டேன், அதையும் சொல்லிப்போடறேன் என்றேன். விடச் சொல்லலீங்கப்பா என்றாள். தீபாவளி அன்று சொன்னதைப் பற்றிப் பேசலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் மிளகாயை எல்லாம் ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

மதியம் அவளுக்கென்று வசந்தாமணி நெய் படாமல் ரசமும் பீன்ஸ் பொரியலும் வைத்திருந்தாள். கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தாள். டப்பா டேபிளில் அப்படியே இருந்தது. நான் கவனிக்காத மாதிரி ரசத்தை ஊற்றினேன்.

மார்ச் 1, ஞாயிறு

உறைந்தது. கத்தி வைத்தால் வெட்டுப்படுகிற கெட்டி இல்லை, இளகலாக, மோர்க்குழம்புப் பதம். காய் மேல் ஊற்றுவதற்கு அதுதான் தோது. பூண்டு, மிளகு, கடுகு, எண்ணெய் எல்லாம் அவளே அடித்தாள். நான் உப்பு மட்டும் போட்டேன், அதையும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். முட்டைக்கோஸைப் பச்சையாகத் தின்பதா என்று எப்போதும் கேட்கிற வசந்தாமணியும் ஒரு தட்டு தின்றாள். பதினைந்தாம் தேதி சாப்பிட்டதைவிட இது புளிப்பு கொஞ்சம் மட்டுதான். எனக்குத் தெரிகிறது, அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் நசுங்கின தட்டை வழித்துவிட்டு, அன்னிக்குச் சாப்பிட்டதவிட இது நல்லாருக்குங்கப்பா என்றாள். கசாய முகம் இல்லை. நன்றாகப் பார்த்தேன்.

சாயங்காலம் ஆட்டோ சொல்லியாகிவிட்டது. வசந்தாமணி விளக்கேற்றி, மகளுக்குத் திருநீறு பூசிவிட்டாள். பெட்டியை வாசலில் வைத்தேன். அப்போது இந்துஜா திரும்பி உள்ளே வந்து, மசாலா எதுவும் சேர்க்காமல் எடுத்து வைத்திருந்த மிச்சப் பாத்திரத்தைக் கேட்டாள்.

“கொஞ்சம் உறைக்குக் குடுங்கப்பா. அங்க போய் நானே போட்டுக்கறேன்.”

நான் வசந்தாமணியைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் மாமியார் காலத்திலிருந்து இந்த நேரத்தில் இந்த வீட்டிலிருந்து உறை வெளியே போனதில்லை. அந்த மாமியார் என் அம்மாதான், எனக்கும் சட்டம் தெரியும்.

வசந்தாமணி விளக்கைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“அது தயிருமில்ல, ஒண்ணுமில்லயே. எடுத்துக் குடுங்க.”

எதில் ஊற்றுவது என்று கேட்டேன். இந்துஜா டேபிளிலிருந்து பச்சை மூடி டப்பாவை எடுத்து நீட்டினாள். மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. காய் இல்லை, கடலை இல்லை, குட்டி பாட்டில் இல்லை. துடைத்துக் காயவைத்த சுத்தமான டப்பா. நேற்றுக் காலை வந்தபோதும் அப்படித்தான் வந்திருக்கிறது.

புது ஸ்பூனால்தான் ஊற்றினேன். இரண்டாவது ஸ்பூன் போட்டபோது, போதுங்கப்பா, சிந்தீரும் என்றாள்.

ஜங்ஷன்வரை போய் ஏற்றிவிட்டு வந்தோம். ரயில் நகரும்போது டப்பாவை மடியில் வைத்திருந்தாள். நான் அழுதேன். வசந்தாமணியும் அழுதாள். இந்தத் தடவை வெங்காயம் என்று யாரும் சொல்லவில்லை.

மார்ச் 2, திங்கள்

காலைப் பால் வந்தது. கடைத் தயிருக்கு உறை ஊற்றினேன், எதில் ஊற்றுகிறோம் என்று பார்த்து.

மார்ச் 5, வியாழன்

மதியம் போன் வந்தது. நேற்றுப் போட்டாளாம். அங்கே காலையில் குளிர் இருக்கிறதாம், உறையத் தாமதமாகிறதாம். துண்டைச் சுற்றி அரிசி இருக்கிற இடத்தில் வை என்றேன். அரிசி இன்னும் வாங்கலீங்கப்பா என்றாள். போய் முதலில் அரிசி வாங்கு என்றேன்.

சாயங்காலம் மறுபடியும் அடித்தாள். உறைந்துவிட்டதாம்.